லுக்லாவுக்கு எங்கிருந்து ஏறுவது: காத்மாண்டுவா, மந்தலியா?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது, நடை தொடங்கும் மலையூரான லுக்லாவுக்கு விமானத்தில் எத்தனை நிமிஷம் என்பதைத்தான். காத்மாண்டுவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 135 கி.மீ.; ஏறக்குறைய அரை மணி நேரம். ராமேச்சாப் மாவட்டத்திலுள்ள மந்தலியிலிருந்து 75 கி.மீ.தான், பதினைந்து இருபது நிமிஷத்தில் இறங்கிவிடலாம். ஆனால் மந்தலிக்குப் போய்ச் சேரவே மலைச்சாலையில் நாலைந்து மணி நேரம் ஆகும். மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் காத்மாண்டுதான் லாபம். வசந்தம், இலையுதிர் காலம் என்ற மலையேற்ற சீசனில் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது.

காரணம் லுக்லாவின் ஓடுபாதை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,845 மீட்டர் உயரம். நீளம் வெறும் 527 மீட்டர். கிட்டத்தட்ட 12 சதவீதம் சரிவு. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. ஏற்றத்தைப் பார்த்து இறங்கணும், இறக்கத்தைப் பார்த்துக் கிளம்பணும். வேறு வழி கிடையாது. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்கணும் என்பதால் மேகம் மூடினால் எல்லாம் நின்றுவிடும். பெரும்பாலும் மதியத்துக்கு மேல் காற்றும் மேகமும் சேர்ந்து கதவைச் சாத்திவிடும். ஆக, கையில் இருப்பது காலை நேரம் மட்டுமே.

இங்கேதான் மந்தலி முந்துகிறது. காத்மாண்டுவிலிருந்து ட்வின் ஆட்டர் என்ற சிறிய விமானம் ஒருமுறை போய்த் திரும்பும் நேரத்தில், மந்தலியிலிருந்து ஏறக்குறைய இரண்டு தடவை போய்வரலாம். வானம் இரண்டு மணி நேரமே திறந்தாலும் தேங்கிய கூட்டம் வேகமாகக் கரையும். காத்மாண்டுவிலோ ஒரே ஓடுபாதை. சர்வதேச விமானங்களும் அதில்தான். லுக்லா தெளிவாக இருந்தும் இங்கே பனிமூட்டத்தாலோ நெரிசலாலோ கிளம்ப முடியாமல் போகலாம். இந்த நெரிசலால்தான் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெரும்பாலான லுக்லா விமானங்களை மந்தலிக்கு மாற்றுகிறார்கள். எனவே டிக்கெட் எடுக்கும்போதே எங்கிருந்து புறப்பாடு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மந்தலியின் கஷ்டம் அந்த ராத்திரிப் பயணம். நள்ளிரவு தாண்டி வேனில் ஏற்றி, வளைந்து வளைந்து போகும் பி.பி. நெடுஞ்சாலையில் கொண்டுபோவார்கள். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் அந்தச் சாலை பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. தூக்கமும் இல்லாமல், வயிற்றைப் புரட்டிக்கொண்டு மலையேறும் ஊரில் போய் இறங்குவது நல்ல தொடக்கம் இல்லை. முந்தின நாள் பகலிலேயே போய், தாமாகோசி ஆற்றங்கரையில் இருக்கும் மந்தலியில் தங்கி, விடிந்ததும் முதல் விமானத்தைப் பிடிப்பதே என் பரிந்துரை. ஒரு நாள் கூடும், உடம்பு தேறும்.

சீசன் இல்லாத மாதங்களில் காத்மாண்டுவிலிருந்து நேரடி விமானம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே எடுங்கள். ஹெலிகாப்டர் வசதிதான், செலவு பல மடங்கு. சாலை வழியே ஜிரி என்ற ஊர்வரை போய், அங்கிருந்து நடந்தே போகலாம். ஒரு வாரம் கூடுதலாக வேண்டும்.

எந்த வழியானாலும் மூட்டையை 15 கிலோவுக்குள் கட்டுங்கள். கைப்பையையும் சேர்த்தே எடை போடுவார்கள். போகும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் பனிமலைகள் தெரியும். திரும்பும்போது, ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கு முன் இரண்டு நாளாவது காலியாக விட்டுவைக்கணும்.