மரப்பரணுக்கான முழு உடல் ஹார்னஸ்: மூன்று பருவங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லால் மான் வேட்டையாடும் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. விடியுமுன் காட்டுக்குள் சென்று, மரத்தில் 18 அடி உயரத்தில் கட்டிய பரணில் ஏறி, மான் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பதே என் வழக்கம். பரண் என்றதும் தினைப்புனத்தில் கிளி விரட்டக் கட்டியதை நினைத்துவிட வேண்டாம். இது ஓராள் மட்டுமே உட்காரக்கூடிய, சுற்றிலும் தடுப்பேதும் இல்லாத உலோகத் தட்டு. கால் தவறினாலும் தரைவரை போகாமல் நம்மைத் தாங்குவதற்கென்று நான் வாங்கிய, உடலைச் சுற்றி மாட்டும் பட்டைகளாலான ஹார்னஸ், மேல்சட்டைபோல் அணியும் வெஸ்ட் வகையைச் சேர்ந்தது. இடைவிலையில் கிடைக்கும் இவ்வகை ஹார்னஸ்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருப்பதால், கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

பரண் வந்த பெட்டியிலேயே சாதாரண ஹார்னஸ் ஒன்றும் இருந்தது. அதை இருட்டில் கையில் எடுத்தால் எது தோளுக்கு, எது தொடைக்கு என்று தெரியாமல் வலையில் சிக்கிய மீன்போல ஆகிவிடுகிறோம். அணிவதற்குச் சிரமமான பாதுகாப்புக் கருவியை இரண்டாம் வாரமே வண்டியில் விட்டுவிட்டுப் போவோம் என்பதால்தான் தனியாகக் காசு கொடுத்து இதை வாங்கினேன். வெஸ்டில் கைகளை நுழைத்து, மார்பிலும் இரு தொடைகளிலும் பக்கிள்களை மாட்டினால் வேலை முடிந்தது. உடையும் உபகரணங்களும் சேர்த்து 120 முதல் 300 பவுண்டு வரை, அதாவது சுமார் 54 முதல் 136 கிலோ வரை உள்ளவர்களுக்கு உரியது என்று அதன் சீட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டை இன்னும் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிடலாம். விழும்போது அது விலாவுக்கு ஏறி மூச்சையே நெரித்துவிடும்.

வாங்கிய வாரமே, நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கிப் பார்த்தேன். தோள்பட்டைகளுக்கு நடுவிலிருந்து கிளம்பும் இணைப்புப் பட்டை உடலை நிமிர்த்தியே பிடித்தது; ஆனால் தொடைப்பட்டைகள் இறுகி, சில நிமிடங்களிலேயே கால்கள் மரத்துப்போகத் தொடங்கின. கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரை போவதும், அசையாமல் வெகுநேரம் தொங்கினால் உயிருக்கே ஆபத்தாவதும் இதனால்தான். அதற்காகவே மடித்துத் தைத்த பையில் வைத்திருக்கும் பட்டையை எடுத்து வளையமாக்கி, அதில் காலூன்றி எழுந்தபோதுதான் தொடைகளின் பாரம் நீங்கியது. அந்தப் பை என் இடுப்புக்குப் பின்பக்கமாக இருந்தது பெரிய குறை. தொங்கிக்கொண்டே அதைத் துழாவி எடுக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து நண்பர் சிரித்தார். இப்போது அந்தப் பட்டையை மார்புப் பையில் வைத்திருக்கிறேன்.

இதைவிட முக்கியமான குறை ஹார்னஸ் பெட்டியின் மேலுள்ள படத்திலேயே இருக்கிறது. அதில் ஒருவர் பரணில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். உண்மையில் வேட்டைக்காரர்கள் அதிகம் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும், குறிப்பாக ஏணியிலிருந்து தட்டுக்குக் காலை மாற்றும் அந்த ஒரு நொடியிலும்தான். பெட்டியில் வரும், மரத்தைச் சுற்றிக் கட்டும் மரக்கச்சையோ உட்கார்ந்த பிறகு மட்டுமே பயன்படும். பரணுக்கு மேலே கட்டித் தரைவரை தொங்கவிடும் லைஃப்லைன் கயிற்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கயிற்றில் போட்டிருக்கும் ப்ரூசிக் முடிச்சைக் கையால் தள்ளினால் மேலும் கீழும் நகரும். பாரம் விழுந்த மறுகணம் கயிற்றை இறுக்கிக்கொண்டு நின்றுவிடும். தரையில் நிற்கும்போதே அதன் கேரபினரை, அதாவது பூட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கியை, ஹார்னஸில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு படிக்கும் முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளியபடி ஏறினால், மீண்டும் தரையைத் தொடும்வரை நாம் கட்டுண்டே இருக்கிறோம். உட்கார்ந்த பிறகு, இணைப்புப் பட்டையில் தொய்வே இல்லாத உயரத்தில் முடிச்சை நிறுத்த வேண்டும். தொய்வு விட்டால் அந்த அளவும் சேர்ந்தல்லவா விழுவோம்? இந்தக் கயிறு இல்லாத ஹார்னஸுக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

சில்லறைக் குறைகளும் உண்டு. உலோகப் பக்கிள்கள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் ஓசை குளிர்ந்த காலையில் வெகுதூரம் கேட்கிறது. துணி டேப் சுற்றிய பிறகு அடங்கியது. நவம்பர் 15 அன்று துப்பாக்கிப் பருவம் தொடங்கியதும், மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சு உடை வெளியே தெரியும்படி மேலாக இருக்க வேண்டும் என்பதால், இலைநிற ஹார்னஸை உள்ளே போட்டு, இணைப்புப் பட்டையை மட்டும் ஆரஞ்சுச் சட்டையின் முதுகுத் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது.

வாங்குமுன் உள்பக்கச் சீட்டில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். என்னுடைய ஹார்னஸின் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் என்று கையேடு சொல்கிறது; கடையில் எனக்குக் கிடைத்ததோ ஏற்கெனவே ஓராண்டு அலமாரியில் கிடந்த சரக்கு. வீட்டுக்கு வந்த பிறகே அதைக் கவனித்தேன். ஒருமுறை விழுந்து தாங்கிய ஹார்னஸை, தேதி மிச்சமிருந்தாலும், மறுபடி அணியக் கூடாது. என்னுடையதற்கு இன்னும் ஒரு பருவம் இருக்கிறது. அது முடிந்ததும், வீட்டு வாசலில் பழைய பொருள்களை விற்கும் கராஜ் விற்பனையில் யாரும் மலிவாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதபடி, பட்டைகளைக் கத்தரித்துத்தான் குப்பையில் போடுவேன்.