ஹோர்னெட் 250ஆ, விடிஆர் 250ஆ? கொழும்பில் ஓட்ட எது?

ஹோண்டா ஹோர்னெட் 250, விடிஆர் 250 இரண்டுமே ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த பைக்குகள், இரண்டிலும் 249 சிசி எஞ்சின். நான் எடுத்தது விடிஆர், அதனால் அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தோற்றத்தில் ஹோர்னெட்தான் முன்னுக்கு. பின்னால் 180 மில்லிமீட்டர் அகல டயர், சீட்டுக்குப் பக்கத்தில் தூக்கிக் கட்டிய சைலென்சர், 250 என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஹோண்டாவின் ரேஸ் பாணி பைக்கான சிபிஆர்250ஆர்ஆர் வழிவந்த நான்கு சிலிண்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 14,000 சுற்றில் 40 குதிரைவலு, வால்வுகளை இயக்கும் கேம் செயினுக்குப் பதில் பல்சக்கரங்கள். அருமையான எஞ்சின், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 14,000ஐ எங்கே போய்த் தொடுவது? அதிவேக நெடுஞ்சாலைக்குள் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள், காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் பின்னேரத்தில் போவதென்றால் இரண்டாம் கியரைத் தாண்டுவதே அபூர்வம். விடிஆரின் வி-ட்வின்னுக்கு, அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர் வைத்த எஞ்சினுக்கு, வருடத்தைப் பொறுத்து 30 முதல் 32 குதிரைவலுதான், ஆனால் 10,500 சுற்றிலேயே அது கிடைத்துவிடும், கீழேயும் நன்றாக இழுக்கும். குழாய்களைப் பின்னிக் கட்டிய அந்தச் சேஸியும் எனக்கு அழகுதான்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர். ஹோர்னெட்டில் நான்கு. ஒன்றின் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைத்தாலும் டேங்கைக் கழற்றி, ஏர் பொக்ஸை எடுத்து, நான்கையும் சேர்த்து வெளியே இழுக்கவேண்டும். திரும்பப் பூட்டிய பிறகு நான்கும் ஒரே அளவில் இழுக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்த்துச் சரிசெய்யவேண்டும், இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் (அக்ஸிலேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும். அந்த வேலையைப் பொறுமையாகச் செய்யும் பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கண்டுபிடிப்பது, இருபது வருடத்துக்கு மேல் பழைய கார்பரேட்டரின் ரப்பர் டயாஃபிரம்களுக்கு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அலைவது, இதெல்லாம் வாங்கும் விலையில் தெரியாத செலவு. விடிஆரில் இரண்டே கார்பரேட்டர். 2009க்குப் பிந்தியதென்றால் கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன், அந்தத் தலையிடியே இல்லை. பிளக்கும் நான்குக்கு இரண்டு. டயரிலும் அப்படித்தான், ஹோர்னெட்டின் 16 அங்குல முன் டயரைவிட விடிஆரின் 17 சுலபமாகக் கிடைக்கும்.

நண்பனின் ஹோர்னெட்டை நகருக்குள் மட்டுமே ஓட்டியிருக்கிறேன், நுவரெலியா ஏற்றத்தில் அது எப்படி என்று என்னால் சொல்லமுடியாது. ஹோர்னெட்தான் வேண்டும் என்று மனம் நிற்குதென்றால், பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆறிய எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு ஐட்லிங் ஒரே சீராக நிற்கிறதா என்று பத்து நிமிடமாவது கேளுங்கள்.