கடனிலிருந்து விடுதலை என்று சொல்லி 28,500 ரூபாய் பறித்தார்கள்: யாரும் போய்விடாதீர்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கடனில் தத்தளிப்பவர்களாகப் பார்த்துத் தேடிப் பிடிக்கும் ஒரு பயிற்சி நிறுவனம் எங்களிடம் 28,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, இன்று மதியம் என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் செய்து, ஓட்டல் அரங்கில் குறைந்த கட்டணத்துக்கு ஒருநாள் வகுப்பு நடத்தி, அங்கேயே பெரிய கட்டணத்துக்கு ஆள் பிடிக்கும் வகை. "மனம் மாறினால் பணம் வரும்" என்பதுதான் அவர்கள் விற்கும் சரக்கு. கடனில் இருப்பவர்கள் உண்மையில் என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நானும் என் கணவரும் திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறோம். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஏற்றுமதி கம்பெனிகளிலிருந்து எங்களுக்கு வரும் வேலை குறைந்தது. தைத்துக் கொடுத்ததற்கான பணமும் இழுத்தடித்துத்தான் வந்தது. சனிக்கிழமை சம்பளத்தை நிறுத்த முடியுமா? அதை நம்பிக் குடும்பம் நடத்துபவர்களிடம் எந்த வாயால் அடுத்த வாரம் வா என்று சொல்வது? முதலில் கிரெடிட் கார்டு, பிறகு தனிநபர் கடன், அப்புறம் நகை என்று போனது. மொத்தம் ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆடம்பரத்துக்கு வாங்கியது ஒரு ரூபாய்கூட இல்லை.

இந்த நிலையில்தான் 499 ரூபாய் வகுப்பு கண்ணில் பட்டது. அரங்கு நிறைய ஆட்கள். ஆட்டோ ஓட்டுபவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கைக்குழந்தையோடு வந்த பெண் என்று எல்லாருமே கடன்காரர்கள். பயிற்சியாளர் ஒரு தாளைக் கொடுத்து அவரவர் மொத்தக் கடனை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் மேடையை விட்டு இறங்கி, ஒவ்வொரு வரிசையாக வந்தார். என் தாளைப் பார்த்தார். "அக்கா, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் தெரியுமா? இத்தனை நாள் இதைத் தனியாகவா சுமந்தீர்கள்?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் உடைந்து அழுதேன். வசூலுக்கு ஆள் அனுப்பும் வங்கி ஏசுகிறது, உறவினர் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்புகிறார், சொந்த அண்ணனே "உங்களுக்கு எதற்கு யூனிட்?" என்கிறார். அப்படி இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் திட்டாமல் பேசினால் மனம் அவர் பக்கம் சாயாதா? அவருடைய அப்பா கந்துவட்டிக்காரருக்குப் பயந்து ஊரை விட்டே ஓடிய கதையைச் சொல்லி அவரும் அழுதார். பிறகுதான் முழுப் பயிற்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. தனி ஆலோசகர் உண்டு, வங்கியோடு பேசி வட்டியைக் குறைக்க வழக்கறிஞர் உண்டு, 30 நாளில் பலன் தெரியவில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப வரும், கட்டணம் 28,500 ரூபாய், இன்று மட்டும் இந்த விலை.

எங்களிடம் பணம் இல்லை என்றோம். அரங்கின் பின்பக்கம் கார்டு மெஷினோடு மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கணவரின் கார்டில் மீதி லிமிட் எவ்வளவு என்று அவர்களே செயலியில் பார்க்கச் சொன்னார்கள், அவர்களே மாதத் தவணையாக மாற்றவும் வழி காட்டினார்கள். கடனை ஒழிக்க வந்தவர்களின் கார்டிலேயே புதுக் கடன் ஏற்றுவதற்கு ஒரு மேசை! வட்டியும் வரியும் சேர்த்து அந்த 28,500 ரூபாய் இப்போது 31,000-ஐத் தாண்டுகிறது.

கிடைத்தது என்ன? பதிவு செய்த வீடியோக்கள், ஒரு வாட்ஸ்அப் குழு, மினுமினுப்பான அட்டை போட்ட ஒரு நோட்டு. தினமும் விடியற்காலையில் "என் கடன் தீர்ந்துவிட்டது" என்று 108 முறை எழுத வேண்டும். பில்லைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பற்றாக்குறை எண்ணம் வளருமாம். இதைக்கூட விட்டுவிடலாம். "மூன்று மாதம் கார்டுக்கு எதுவும் கட்டாதீர்கள், வங்கி தானே இறங்கி வரும்" என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கணக்கைப் பாருங்கள். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் அல்லது அதை ஒட்டி இருக்கிறது. ஒரு லட்சம் நிலுவை என்றால் மாத வட்டி 3,500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630, ஆக 4,130 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று 5,000 கட்டினாலும் அசலில் 870 ரூபாய்தான் குறைகிறது. எதுவும் கட்டாவிட்டால் தாமதக் கட்டணமும் ஏறும், 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் விழுந்து அடுத்த கடனுக்கான கதவும் சாத்தப்படும். குழுவில் இருந்த ஒருவர் அந்த வீடியோவை நம்பிக் கட்டாமல் விட்டார். இப்போது வசூல் ஆட்கள் அவர் வாசலில் நிற்கிறார்கள். இதற்கு யார் பொறுப்பு?

பலன் தெரியவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்ட நாளிலிருந்து எங்களை அலைக்கழித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் பெண் முதலில் இனிமையாக, "மேடம், உங்கள் மனத்தில் இன்னும் எதிர்ப்பு இருக்கிறது" என்றார். அடுத்த முறை, நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். நடுவில் இரண்டு நாள் விடுபட்டிருக்கிறது, அதனால் உத்தரவாதம் செல்லாது என்றார். வழக்கறிஞர் எங்கே என்றால், அவர் அடுத்த நிலைப் பயிற்சியில்தான் வருவார், அதற்கு இன்னொரு கட்டணம். குழுவில் கேள்வி கேட்டேன், எதிர்மறை ஆற்றல் பரப்புகிறேன் என்று நீக்கிவிட்டார்கள். ரசீதைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறது. மேடையில் மைக்கில் சொன்னது ஒன்று, ரசீதில் அடித்தது வேறொன்று. கார்டு கொடுத்த வங்கியோ, "பின் எண்ணை நீங்கள்தானே அழுத்தினீர்கள்?" என்று கேட்டு முடித்துக்கொண்டது.

மனம் தளராமல் இருப்பது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. செலவைக் குறித்து வைப்பதும் அதிக வட்டிக் கடனை முதலில் அடைப்பதும், மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் மிஞ்சுபவர்களுக்கு உதவும். எங்களைப் போல வரவே நின்றுபோனவர்களுக்கு வட்டி குறைய வேண்டும், அல்லது வேலை வர வேண்டும். 108 முறை எழுதினால் இந்த இரண்டில் எது நடக்கும்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் அரசுத் திட்டமாகத் தொடங்கிய குழுக்கள்தான் அவை. அவர் குழு வழியாக வங்கிக் கடன் வாங்கிக் கந்துவட்டியை அடைத்தார். கூட்டத்தில் நோட்டை விரித்து, யார் எவ்வளவு கட்டினார் என்று எல்லார் முன்னாலும் வாசிக்கிறார்கள். அங்கே யாரும் அவரிடம் 28,500 ரூபாய் கேட்கவில்லை. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு என்னை அழைத்துப் போனவரும் அவர்தான். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. வங்கியோடு சமரசத்துக்கு லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அந்தப் பயிற்சியாளர் காசுக்கு விற்ற வழக்கறிஞர் உதவி இங்கே சும்மா கிடைக்கிறது!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும்.

கடன் தீர்க்கக் கற்றுத் தருகிறேன் என்பவர் கார்டு மெஷினை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் திரும்ப வரும் என்று மேடையில் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். கட்டாதே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், வங்கிக் கிளைக்கே போய்த் தவணையை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுதுங்கள், அங்கே தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448. சட்ட உதவிக்கு 15100.

இதே நிறுவனத்தில் பணம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் இல்லை. நீங்களும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். அடுத்த வகுப்பு ஈரோட்டில் என்று இன்று காலைகூட விளம்பரம் வந்திருக்கிறது, அதே 499 ரூபாய்.