சாங்கி ரிக்கர் அண்ணனிடம் பாய்மரச் சாய்வு பார்த்த அனுபவம்

எங்களுடையது பழைய ஜே/24 ரகப் பாய்மரப் படகு. ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கியது, அடியில் கனமான கீல் உள்ளது. காற்றின் வேகம் 6 நாட் (knot) அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் சுக்கான் கையில் உயிரே இருக்காது. பிடியைத் தளர்த்தினால் அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றை விட்டு விலகி விலகிப் போகும். நம் சிங்கப்பூரில் மெல்லிய காற்று நாள்தான் அதிகம். உபின் தீவுப் பக்கம் நீரோட்டமும் எதிரே வந்தால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதைச் சரிசெய்ய முதலில் வேறொருவரைக் கூப்பிட்டோம். பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளை இறுக்கிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார். ஒன்றும் மாறவில்லை.

பிறகுதான் பாய்மரத்தையும் அதன் கம்பிகளையும் சரிசெய்யும் ரிக்கரான இந்த அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் வந்ததும் ஒரு கம்பியையும் தொடவில்லை. நங்கூரம், தண்ணீர் பாட்டில், படகின் ஈரமான பாய்த்துணிகள் எல்லாவற்றையும் பந்தயத்தன்று இருப்பதுபோல் அந்தந்த இடத்தில் வைக்கச் சொன்னார். பிறகு பையிலிருந்து கொத்தனார் வைத்திருப்பாரே, அதே தூக்குக்குண்டை எடுத்து, மெயின் பாயை (மரத்துக்குப் பின்னால் விரியும் பெரிய பாய்) ஏற்றும் கயிற்றின் நுனியில் கட்டித் தொங்கவிட்டார். ஆடாமல் இருக்கக் குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கினார். பூம் (மெயின் பாயின் அடிப்பக்கம் ஓடும் கட்டை) மட்டத்தில் பாய்மரத்தின் பின்முகத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே அளந்தால் 23 செ.மீ.

"மரம் ரொம்ப நிமிர்ந்து நிக்குதும்மா" என்றார். மரம் பின்னே சாய்ந்தால் பாய்களின் இழுவை மையமும் பின்னே நகரும். அப்போதுதான் அணியம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். ஜே/24 பந்தய வகுப்பு விதியின் வரம்பைச் சரிபார்த்துக்கொண்டு ஃபோர்ஸ்டேயை, அதாவது மரத்தின் மேல்பகுதியிலிருந்து அணியத்துக்கு வரும் கம்பியை, 2 செ.மீ. நீட்டினார். மறுபடி அளந்தோம்: 30 செ.மீ. கீழே இரண்டு விரற்கடை கூட இல்லாத மாற்றத்துக்கு உச்சி 7 செ.மீ. பின்னே போயிருந்தது. நான் இரண்டு தடவை டேப்பை வைத்துப் பார்த்தேன்.

அடுத்து மரத்தின் அடி. ஜே/24ல் மரம் மேல்தளத்தைத் தாண்டி அடித்தட்டு வரை இறங்கி நிற்கும். எங்கள் மரத்தின் அடி அதிகம் பின்தள்ளி இருந்ததால் நடுமரம் முன்னே வளைந்து, மெயின் பாயின் கீழ்ப்பகுதி பலகைபோல் தட்டையாகிவிட்டதாம். கம்பிகளைத் தளர்த்தி அடியை 6 மி.மீ. முன்னே நகர்த்தினார். மரம் நேரானது, பாய் வயிறு வைத்தது. கடைசியில்தான் கம்பியின் இறுக்கத்தை அளக்கும் லூஸ் கேஜ் வைத்து இருபுறக் கம்பிகளையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

அன்று மாலையே கூட வந்தார். செராங்கூன் ஹார்பரில், "கையை எடுங்க தங்கச்சி, பாப்போம்" என்றார். எடுத்தேன். படகு மெதுவாகக் காற்றுப் பக்கம் தலையைத் திருப்பியது. மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

நான்கு மணி நேர வேலைக்கு 280 சிங்கப்பூர் வெள்ளி. எனக்கு நியாயமாகவே பட்டது. குறை என்றால் அளவுகளை எழுதித் தருவதில்லை. நான்தான் மரத்தில் டேப் ஒட்டிக் குறித்தேன். நாள் கிடைக்க இரண்டு வாரமும் ஆனது.

பலத்த காற்றில் சுக்கான் இப்போது முன்பைவிடக் கனமாக இழுக்கிறது. அதையும் முன்கூட்டியே சொல்லி, மர உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு வரும் பேக்ஸ்டே கம்பியை இழுத்துப் பாயைத் தட்டையாக்கக் காட்டிக்கொடுத்தார். ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது மறுபடி வரச் சொல்லியிருக்கிறோம், ஃபோர்ஸ்டேயைக் கொஞ்சம் குறைக்க.