ஸ்னிப்பிங் டூலா, கிரீன்ஷாட்டா, ஷேர்எக்ஸா?

விண்டோஸ் கணினியில் திரையின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்க மூன்று இலவச வழிகள் உள்ளன: கணினியோடு வரும் ஸ்னிப்பிங் டூல், நாமே நிறுவ வேண்டிய கிரீன்ஷாட், ஷேர்எக்ஸ். வெட்டுவதில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். வெட்டிய படத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படத்தை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி அனுப்புபவருக்கு ஸ்னிப்பிங் டூல் தாராளமாகப் போதும். விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்திச் சுட்டியை இழுத்தால் படம் கிளிப்போர்டில், அதாவது வேண்டிய இடத்தில் ஒட்டத் தயாராகக் கணினியின் தற்காலிக நினைவில், இருக்கும். புதிய பதிப்புகளில் அது ஸ்கிரீன்ஷாட்ஸ் கோப்புறையிலும் தானாகச் சேர்ந்துவிடும். எதையும் நிறுவ அனுமதிக்காத அலுவலகக் கணினியிலும் இதுவே கைகொடுக்கும்.

பிறருக்குச் செய்முறை விளக்குபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது கிரீன்ஷாட். அம்புக்குறி போடலாம், சொடுக்கும் இடந்தோறும் 1, 2, 3 என்று வட்ட எண்கள் தானாக வரிசையாக விழும். இணையத்தில் விண்ணப்பம் நிரப்பத் தடுமாறும் பெரியவருக்கு அந்த எண்கள் எவ்வளவு உதவும்! இதற்காகவே இதை நிறுவலாம்.

ஷேர்எக்ஸ் நாள் முழுவதும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்களுக்கானது. நீண்ட பக்கத்தை உருட்டியபடியே ஒரே படமாக எடுக்கும். கோப்புக்கு நாம் வகுத்த முறையில் பெயரிடும். இணையத்தில் ஏற்றவும் செய்யும். அமைப்புகளோ ஏராளம், புதியவர் திணறிப்போவார். எடுத்த படம் தானாக இணையத்துக்குப் போகிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

எதைப் பயன்படுத்தினாலும், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை மங்கலாக்கி மறைக்காதீர்கள். கட்டம் கட்டமாகக் கலைத்த எழுத்தை மீட்டெடுக்கும் கருவிகள் இருக்கின்றன. முழுக் கறுப்புக் கட்டமே பாதுகாப்பு. ஓரத்தை வெட்டிவிட்டாலே போதும் என்றும் நம்ப முடியாது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் படத்தை வெட்டி அதே கோப்பின்மேல் சேமித்தால், நீக்கிய பகுதியின் தரவு கோப்பின் இறுதியில் எஞ்சியிருந்தது 2023-இல் தெரியவந்தது. மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் அதற்குமுன் அப்படிச் சேமித்துப் பகிர்ந்த படங்கள் தாமாகச் சரியாகிவிடாது.

சேமிக்கும்போது பிஎன்ஜி வடிவமே நல்லது. இன்னொரு பட வடிவமான ஜேபெக்கின் சுருக்கத்தில் எழுத்துகளின் ஓரம் கலங்கும். சிறிய தமிழ் எழுத்தில் முதலில் மங்குவது புள்ளிதான்.