எச்சரிக்கை: ஜிம்னியை உயர்த்தக் கொடுத்த 1,42,000 ரூபாய்

நேற்று மாலை அந்தக் கடைக்காரர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ஆகவே இன்று எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போவதால் கடையின் பெயரை வெளியிட வேண்டாம் என்று வழக்கறிஞர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கோவைக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் ஜீப், எஸ்.யு.வி. வண்டிகளுக்கு லிஃப்ட் கிட் (பாடியை உயர்த்தும் பாகங்கள்), பெரிய டயர் ஆகியவற்றைப் பொருத்தும் கடை, ஒரு வீடியோ செயலியின் விளம்பரம் வழியாக எனக்குத் தெரியவந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். போன தொகை 1,42,000 ரூபாய். இதுபோன்ற வேலைக்கு வண்டியைக் கொடுக்க நினைப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது 2023இல் வாங்கிய ஐந்து கதவு மாருதி ஜிம்னி எஸ்.யு.வி. பொள்ளாச்சியில் இருந்து வால்பாறைக்கு அப்பால் இருக்கும் மைத்துனரின் தோட்டத்துக்கு மாதம் இரண்டு முறையாவது போக வேண்டியிருக்கிறது. அங்கே கடைசி மூன்று கிலோமீட்டர் வெறும் கல்லும் பள்ளமும்தான். மழைக்குப் பிறகு பின்பக்க டிஃபரன்ஷியல் (அச்சில் கீழே புடைத்திருக்கும் பற்சக்கரப் பெட்டி) கல்லில் உரசும். என் குறை அது ஒன்றுதான். கடைக்காரர் வண்டியின் அடியில் குனிந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உரசிய இடத்தை விரலால் தடவிக் காட்டி, “வால்பாறைப் பக்கம் போவீங்களாண்ணா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் அவரை முழுவதுமாக நம்பிவிட்டேன். தேநீர் வரவழைத்தார், வாசலில் உயரமாக நின்ற தன் வண்டியைக் காட்டி, “கவலையே படாதீங்கண்ணா, என் சொந்த வண்டிக்கும் இதே செட்டுதான்” என்றார். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் 68,000, 235/75 ஆர் 15 அளவில் ஐந்து டயர் 52,000, 30 மி.மீ. வீல் ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் உலோக வளையம்) நான்கு 14,000, கூலி 8,000 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். பில் கேட்டபோது, “பில் போட்டால் வரி ஏறும், நமக்குள்ள எதுக்குண்ணா?” என்றார். அங்கேயே கைபேசியில் ஒரு லட்சம் அனுப்பினேன். மீதி 42,000 ரூபாயை வண்டி எடுக்கும்போது ரொக்கமாகக் கொடுத்தேன். வேலை நடந்த இடத்தில் என்னை நிற்கவிடவில்லை. நிற்க வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. அது இன்று வரை நெஞ்சில் உறுத்துகிறது.

மறுநாளே எண்பதில் போகும்போது ஸ்டீயரிங் நடுங்கியது. கடையில் கேட்டால், புது டயர், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும் என்றார்கள். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பவில்லை. பழகிவிடும் என்றார்கள். பத்தாம் நாள் மனைவியோடும் மகளோடும் ஆழியாறில் இருந்து மலை ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முழுதாக ஒடித்தபோது முன் டயர் உள்ளே உரசி ரப்பர் கருகும் வாடை வந்தது. ஒன்பதாவது வளைவுக்கு அருகே இடது பின்சக்கரத்தில் இருந்து உலோகம் தட்டும் ஓசை கேட்டது. ஓரமாக நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினால், ஸ்பேசரை அச்சோடு பிடித்திருக்கும் ஐந்து நட்டுகளில் மூன்று கையாலேயே சுழன்றன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பின்னிருக்கையில் பன்னிரண்டு வயதுப் பெண். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் நேரில் வந்து பார்த்துச் சொன்னவை இவை. ஜிம்னியின் ஹப் (சக்கரம் வந்து உட்காரும் நடு வட்டம்) 108 மி.மீ. விட்டம்; ஸ்பேசரின் நடுத்துளை அதைவிடப் பெரியது. அதனால் ஸ்பேசர் ஹப்பின் மீது கச்சிதமாக உட்காராமல், போல்ட்டுகளின் பிடிப்பில் மட்டும் தொங்கியிருக்கிறது. நடுக்கத்துக்கும் நட்டு தளர்ந்ததற்கும் அதுவே காரணம். சிறிது தூரம் ஓடியதும் சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்பதை அந்தக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை. 68,000 ரூபாய் வாங்கிய இடத்தில் புது ஸ்பிரிங் இல்லை, புது ஷாக் அப்சார்பரும் இல்லை. கம்பெனி ஸ்பிரிங்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருகி, பழைய ஷாக்குக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சக்கரம் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய்க் குழாய்) கம்பிபோல விறைத்து நின்றது. வண்டி உயர்ந்தால், அச்சை வண்டியோடு குறுக்காக இணைக்கும் பேன்ஹார்டு ராடு அச்சை ஒரு பக்கமாக இழுக்கும், ஸ்டீயரிங்கைத் தானாக நேராகத் திரும்பவைக்கும் முன்சக்கரங்களின் காஸ்டர் கோணமும் குறையும். அவற்றை ஈடுகட்டும் பாகம் எதுவும் போடவில்லை. டயரின் பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கம் 4119, அதாவது 2019ஆம் ஆண்டின் 41ஆவது வாரத் தயாரிப்பு. புது டயர் என்று சொல்லி 52,000 ரூபாய் வாங்கியது இதற்குத்தான்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு அச்சு; டிஃபரன்ஷியல் அந்த அச்சோடு சேர்ந்தே இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே; அதுவும் இந்த அளவில் ஏறக்குறைய 20 மி.மீ. தான். நான் சொன்ன குறைக்கு லிஃப்ட் கிட் மருந்தே இல்லை என்பது விரலால் தடவிப் பார்த்த அந்த மனிதருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. டயர் பெரிதானதால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 106இல் ஓடுகிறது என்பதையும் அவர் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு கடைக்காரரை முதல் முறை அழைத்தபோது, மலையில் வேகமாக ஓட்டியிருப்பீர்கள் என்றார். இரண்டாம் முறை, வெளி மெக்கானிக் கை வைத்ததால் வாரன்டி போய்விட்டது என்றார். நேரில் போனேன், அண்ணன் கேரளா போயிருக்கிறார் என்று கடைப்பையன் சொன்னான், அவருடைய வண்டியோ உள்ளேதான் நின்றது. பிறகு கூலி 8,000 மட்டும் தருகிறேன், இத்தோடு விட்டுவிடுங்கள் என்று செய்தி வந்தது. 1,42,000 எங்கே, 8,000 எங்கே? விளம்பரம் காட்டிய செயலிக்கு எழுதினால், விற்பனையாளரோடு பேசிக்கொள்ளுங்கள் என்ற ஒரே வரியைத் தானியங்கிப் பதிலாக மூன்று முறை அனுப்பியது. அதற்குப் பிறகுதான் பிளாக்.

அவர் ஏன் பில் தரவில்லை என்பது வழக்கறிஞர் சொன்னபோதுதான் விளங்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பணமும் என்னுடையது, தண்டனையும் என்னுடையது. கடைக்காரருடைய கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை.

சொன்னபடி அறிவுரைகளை விரிவாக எழுத இப்போது மனம் இடம் கொடுக்கவில்லை. பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஸ்பேசர் வேண்டவே வேண்டாம். டயரின் நான்கு இலக்கத்தைப் பொருத்துவதற்கு முன்பே படியுங்கள். வேலை முடியும் வரை வண்டியை விட்டு நகராதீர்கள். கழற்றிய பாகங்களை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நான் என் ஐந்து பழைய டயர்களையும் அங்கேயே விட்டு வந்ததால், பழைய நிலைக்குத் திரும்ப 195/80 ஆர் 15 டயர் ஐந்தையும் மறுபடி விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

நான் திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கிறேன். என் கையில் இருப்பவை ஒரு லட்சத்துக்கான பணப்பரிமாற்றப் பதிவு, அந்தத் துண்டுச் சீட்டு, கழற்றிய ஸ்பேசர்கள், வாட்ஸ்அப் உரையாடல். இதே கடையில் வண்டி கொடுத்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்; அதற்கு முன் உங்கள் வண்டியின் சக்கரங்களைக் கழற்றி உள்ளே இருக்கும் நட்டுகளை இன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.