விண்ணப்பத்தை வாங்குகிறார்கள், முடிவைச் சொல்வதில்லை: மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவுச் சேவை பற்றிய ஒரு மதிப்பீடு

பிரதேச செயலகச் சேவைகளைப் பற்றி யாராவது நல்லதாக எழுதினால், அது பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையோ வாகன வருமான அனுமதிப்பத்திரத்தையோ போன அன்றே பெற்றுக்கொண்டு வந்த கதையாக இருக்கும். அந்தச் சேவைகள் மட்டக்களப்பில் உண்மையிலேயே மேம்பட்டிருக்கின்றன. காலையில் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அதே கட்டடத்துக்குள் அதே வாசலால் நுழைந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பவர் என்ன சேவையைப் பெறுகிறார் என்பதை இங்கே எழுதுகிறேன். மாவட்டத்தின் 14 பிரதேச செயலகங்களில் இது எது என்று குறிப்பிடப்போவதில்லை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இதே கொடுப்பனவுக்கு விண்ணப்பித்த வேறு குடும்பங்களுடன் பேசியபோது, ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் எங்கள் கதையே அவர்கள் கதையாகவும் இருந்தது. ஆகவே ஒரு மேசையில் இருப்பவரைக் குறைகூறி முடிக்கக்கூடிய விடயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

விண்ணப்பதாரர் என் மாமி. ஐம்பதுகளின் நடுவில் இருக்கிறார். பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் இயங்காமற் போகும்வரை, விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்துச் சந்தியிலுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்து, அந்த வருமானத்தில் வீட்டை நடத்தியவர். 70 வயதைக் கடந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவுக்கு அவர் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இப்போது அவருக்குப் பொருந்துவது, குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசாங்கம் மாதந்தோறும் வழங்கும் கொடுப்பனவுதான். 5,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2024 ஜனவரியில் 7,500 ஆகவும், 2025 ஏப்ரலில் 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. கிளினிக்குக்குப் போய்வரும் ஓட்டோக் கூலியையும், பம்பஸ் செலவையும், ஆஸ்பத்திரியில் இல்லாமல் வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லும் குளிசைகளின் விலையையும் கூட்டிப் பார்த்தால் 10,000 ரூபாய் மாதம் முழுவதற்கும் போதாது. ஆனாலும் பிள்ளைகளிடம் கேட்காமல் தன் கையால் எடுத்துச் செலவழிக்கக்கூடிய காசு என்ற வகையில் மாமிக்கு அதன் பெறுமதி வேறு.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாகாண சமூக சேவைத் திணைக்களம் கொடுக்கும், எங்கள் ஊர்களில் வயதானவர்கள் இன்னமும் பிச்சைச் சம்பளம் என்றே சொல்லும் பொதுசன உதவிப்பணம் வேறு. 2023 ஜூலையிலிருந்து சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவு வேறு. மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு வேறு. மூன்றும் ஒரே பிரதேச செயலகத்தின் வழியாகவே நடைபெறுவதாலும், மூன்றுக்கும் விதானையாரிடமே, அதாவது கிராம உத்தியோகத்தரிடமே, முதலில் போக நேர்வதாலும், “உங்களுக்குப் பதிஞ்சாச்சு” என்ற பதில் எந்தப் பதிவைக் குறிக்கிறது என்று கேட்டுத் தெளியாமல் வீடு திரும்பியவர்கள் பலர். அஸ்வெசும படிவத்தில் வீட்டில் நோயாளி இருப்பதாக எழுதினோம், அதுவே போதும் என்று இரண்டு வருடம் நம்பியிருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

இனி விண்ணப்பத்தை ஏற்கும் கட்டத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்லவையே அதிகம். கிராம உத்தியோகத்தர் அலைக்கழிக்காமல் உறுதிப்படுத்திக் கொடுத்தார். பிரதேச செயலகத்தின் வாசலில் சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்தளம் இருந்தது. பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வந்ததன் பயன் அது என்று நினைக்கிறேன், ஆனால் சமூக சேவைப் பிரிவு மேல்மாடியில் இருந்ததால் அந்தச் சாய்தளம் எங்களை மாடிப்படியின் அடிவரைக்கும்தான் கொண்டுபோனது. அதை அறிந்த சமூக சேவை உத்தியோகத்தர், நாங்கள் கேட்காமலேயே படிவத்தையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். மாமியின் முகத்தைப் பார்த்து அவரிடமே கேள்விகளைக் கேட்டார், கூட வந்தவரிடம் “இவவுக்கு என்ன?” என்று கேட்கும் பழக்கம் அவரிடம் இல்லை. கையொப்பம் இட முடியாத வலது கைக்குப் பதிலாக இடது பெருவிரல் அடையாளத்தை எடுத்து, அதற்குச் சாட்சி எழுதினார். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் போட்டோக் கொப்பிகளில் குறைந்திருந்த ஒன்றைத் தன் அலுவலகத்திலேயே எடுத்துக்கொண்டார். பின்னர் வீட்டுக்கு நேரில் வந்து நிலைமையைப் பார்த்தும் சென்றார். இவ்வளவு கண்ணியமாக நடத்தப்படுவோம் என்று நாங்கள் எதிர்பார்த்துப் போகவில்லை.

மருத்துவச் சான்றிதழ் பெறுவது அதைவிடச் சிரமம். அரச வைத்தியர் ஒருவரே படிவத்தில் குறைபாட்டின் தன்மையை எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை குத்த வேண்டும். வைத்தியரோ நூறு நோயாளிகள் வரிசையில் நிற்கும் கிளினிக் நாளில்தான் கிடைப்பார். படுவான்கரையில் மண்டூர்ப் பக்கத்திலிருந்து களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கு வருபவர்கள் பலர் குருமன்வெளித் துறைக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறி வாவியைக் கடந்து வருகிறார்கள். இயங்காத ஒருவரைச் சக்கர நாற்காலியோடு பாதையில் ஏற்றி இறக்குவதற்குக் குறைந்தது இரண்டு ஆண்களாவது வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்கு அந்தத் தொல்லை நீங்கியது. எங்கள் அனுபவத்தில், கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்ட்டையும் கையோடு கொண்டுபோனதால் வைத்தியர் பழைய பதிவுகளைத் தேடவைக்காமல் எழுதிக் கொடுத்தார். சிகிச்சை பெறும் கிளினிக்கிலேயே கேட்டு வாங்குங்கள். புதிய வைத்தியரிடம் போனால் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்ல நேரும்.

படிவம் முழுமையாகி உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் சேவை நின்றுபோகிறது.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதற்கு எங்களுக்குப் பற்றுச்சீட்டு எதுவும் தரப்படவில்லை. இலக்கம் இல்லை. எத்தனை மாதத்துக்குள் முடிவு தெரியும் என்ற சொல்லும் இல்லை. விசாரிக்கப் போனபோது கிடைத்த பதில்கள் ஒவ்வொன்றும் மரியாதையாகவே சொல்லப்பட்டன: “பெயர் போயிருக்கு அம்மா”, “லிஸ்ட்ல இருக்கு, காசு வந்தாச் சொல்லுவம்”, “அலைய வேணாம், நாங்களே அறிவிப்பம்”. இவற்றில் எதையும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால், விண்ணப்பம் தகுதியானது என்று ஏற்கப்பட்டுவிட்டதா, நிதிக்காக மட்டும் காத்திருக்கிறதா, அல்லது இன்னும் எவரும் அதைத் தீர்மானிக்கவே இல்லையா என்ற மூன்றில் எந்த நிலையில் நாங்கள் நிற்கிறோம் என்பதை இந்தப் பதில்களிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மூன்று நிலைக்கும் இதே பதில்கள் பொருந்தும். ஒரு தடவை வீடு திரும்பும் வழியில் மாமி என்னிடம் சொன்னார்: “இல்லையெண்டாவது சொல்லட்டும் மனே, வேற வழி பாக்கலாம்.”

இந்தச் சேவையில் நான் காணும் பெருங்குறை அதுதான். மறுப்பை எழுத்தில் தந்தால் மேன்முறையீடு செய்யலாம். வருமானம் கூடிவிட்டது என்றால் இல்லையென்று காட்டலாம். சான்றிதழ் போதாது என்றால் வேறு வைத்தியரிடம் போகலாம். முடிவே இல்லாத இடத்தில் எதை எதிர்த்து யாரிடம் முறையிடுவது? விண்ணப்பதாரர் உரிமை கோருபவர் என்ற நிலையிலிருந்து, தயவை எதிர்பார்த்து வாசலில் நிற்பவர் என்ற நிலைக்கு இறக்கப்படுகிறார். அதைச் செய்கிறவர்கள் நல்லவர்களாக இருப்பது நிலைமையை மாற்றுவதில்லை; அவர்கள் நல்லவர்களாக இருப்பதால் நாங்கள் கேள்வி கேட்கவும் கூச்சப்பட்டோம் என்பதே உண்மை.

முடிவு ஏன் வருவதில்லை என்பதற்கான காரணத்தை உத்தியோகத்தரே ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒவ்வொரு பிரிவுக்கும் இத்தனை பேருக்கு என்றுதான் நிதி ஒதுக்கப்படுகிறது. தகுதியானவர்கள் அதைவிட அதிகம். ஒதுக்கீடு கூட்டப்பட்டால் புதியவர்கள் சேர்க்கப்படுவார்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே பெறுகிறவர் எவராவது இறந்தால் அந்த இடத்துக்கு அடுத்தவர் எடுக்கப்படுவார். நாட்டளவில் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது: 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதத்தினர், ஏறக்குறைய 16 இலட்சம் பேர், ஏதோவொரு இயலாமையுடன் வாழ்ந்தார்கள். 2023இல் அஸ்வெசும தொடங்கியபோது இந்தக் கொடுப்பனவுக்கென ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை 72,000. அந்த 16 இலட்சத்தில் எல்லோரும் வறியவர்கள் அல்லர், எல்லோருக்கும் கடுமையான இயலாமையும் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியிருந்தும் போரையும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியையும் கண்ட எங்கள் கரையில், கைகால் இழந்தவர் இல்லாத ஊரைத் தேடித்தான் காண வேண்டும். நிதி போதாது என்பது அரசாங்கத்தின் பிரச்சினை. அதை நான் ஒரு பிரதேச செயலகத்தின் குறையாக எழுத மாட்டேன். ஆனால் “நீங்கள் தகுதியானவர், வரிசையில் இத்தனையாவது இடத்தில் இருக்கிறீர்கள், நிதி வரும்வரை கொடுக்க முடியாது” என்று ஒரு தாளில் எழுதித் தருவதற்குக் கூடுதல் நிதி எதுவும் தேவையில்லை.

இதை அஸ்வெசுமவுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2023 நடுப்பகுதியில் அதன் முதற்பட்டியல் வெளியானபோது எங்கள் பகுதியில் எழுந்த கோபம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாடிவீட்டுக்காரர் பெயர் இருந்தது, கூலிக்குப் போகும் விதவையின் பெயர் இல்லை. பிழை மலிந்த பட்டியல் அது. ஆனாலும் பட்டியல் என்று ஒன்று ஒட்டப்பட்டது. மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் திகதி குறிக்கப்பட்டது. நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். திட்டிக்கொண்டே என்றாலும் மக்கள் அதனுடன் வழக்காட முடிந்தது. மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவின் காத்திருப்போர் பட்டியலை நாங்கள் எந்த அறிவித்தற் பலகையிலும் கண்டதில்லை. எவருடைய நோயும் ஊரறிய ஒட்டப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெயரை விட்டுவிட்டு விண்ணப்ப இலக்கத்தையும் திகதியையும் மட்டும் ஒட்டினாலே போதும், பின்னால் வந்தவர் முன்னால் போனாரா என்ற சந்தேகமும் அதனுடன் தீர்ந்துவிடும்.

கடைசியில் எங்களுக்கு ஓரளவு பயன்பட்டது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையிலும், அதாவது பிரதேச செயலகம் போன்ற அரச நிறுவனத்திலும், தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும்; ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்க முடியாது; கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும்; தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். நாங்கள் தமிழில், அரைப் பக்கத்தில், நான்கு விடயங்களைக் கேட்டோம்: விண்ணப்பம் பதியப்பட்ட திகதி என்ன, தகுதி தீர்மானிக்கப்பட்டுவிட்டதா, பிரிவில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அவர்களில் மாமியின் இடம் எத்தனையாவது. உத்தியோகத்தரின் மனம் நோகும் என்ற பயம் எங்களுக்கு இருந்தது. அவரோ கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இப்பிடிக் கேட்டாத்தான் எங்களுக்கும் மேல எழுத லேசு” என்றார். உரிய காலத்துக்குள் பதில் வந்தது. தகுதி ஏற்கப்பட்டிருக்கிறது, நிதிக்காகக் காத்திருக்கிறது, இடம் இன்னது என்று முத்திரையுடன் வந்த அந்தக் கடிதம்தான் இந்தச் சேவையில் எங்களுக்குக் கிடைத்த முதலாவது தாள். பதில் வராவிட்டால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். எங்களுக்கு அதுவரை போக நேரவில்லை.

ஐந்து நட்சத்திரத்துக்கு இத்தனை என்று போடுவது வழக்கம் என்பதால் போடுகிறேன். விண்ணப்பத்தை ஏற்ற விதத்துக்கு நான்கு. மேல்மாடிக்காக ஒன்றைக் குறைத்தேன், உத்தியோகத்தருக்காகக் குறைக்கவில்லை. விண்ணப்பித்த பிறகு நடந்தவற்றுக்கு ஒன்று, அந்த ஒன்றும் தகவல் கோரிக்கைக்குக் கிடைத்த பதிலுக்காக. இப்போது விண்ணப்பிப்பவர்கள் படிவத்தைக் கொடுக்கும்போதே அதன் பிரதியொன்றில் திகதியும் முத்திரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டவர்களுக்கு மறுக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். வங்கிப் புத்தகத்திலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரரால் வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ போக முடியாது என்றால், அவர் சார்பில் பணத்தைப் பெறுபவர் யார், அதற்கு என்ன கடிதம் வேண்டும் என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள். மாமியின் பெயர் இன்னும் வரிசையில்தான் இருக்கிறது. அடுத்த வருட ஒதுக்கீடு வந்ததும் இடம் எத்தனையாவதாக மாறியிருக்கிறது என்று கேட்டு இரண்டாவது தகவல் கோரிக்கையை எழுதி வைத்திருக்கிறோம்.